அச்சில் வார்த்த அழகி



'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அடுக்களையில் அது முற்றும் உண்மை. ஒரே அரிசி, ஒரே உலைநீர், ஒரே நெருப்பு. ஆதலின் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்த அளவில் மற்றப் பருக்கைகளின் நிலையும் விளங்கிவிடுகிறது. ஆனால் மக்கட் கூட்டம் ஒரு பானைச் சோறு அன்று. பிறந்த ஊர், செய்யும் தொழில், பெற்ற கல்வி, கையில் உள்ள பொருள், மனத்தின் விருப்பம் ஆகிய யாவும் ஒருவரை ஒருவரினின்றும் வேறாக்குகின்றன. இதனை நாம் அறிந்தே இருக்கிறோம். எனினும், பிற நாட்டாரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இதனை மறந்துவிடுகிறோம். பெண்களின் தோற்றத்தைப் பற்றிப் பேசும்பொழுதோ அடியோடு மறந்துவிடுகிறோம். 'பிரெஞ்சுப் பெண்கள் ஒயில் மிக்கவர்கள்; ஆங்கிலப் பெண்களுக்கு உடுத்தத் தெரியாது; ஜப்பானியப் பெண்கள் பொம்மை போன்றவர்கள்' என்று ஒரு நாட்டுக்கு ஒரு சொற்றொடராகத் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம். அவ்வாறு தீர்ப்பு எழுதுவோருள் பெரும்பாலோர் அந்நாடுகளின் மண்ணை மிதித்தவரும் அல்லர்.

இத்தகைய கருத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டீரியோடைப்' என்பர். அச்சொல்லின் வரலாறே நமக்கு ஒரு பாடம் ஆகும். அஃது அச்சுத் தொழிலில் பிறந்த சொல். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்து அச்சாளரான ஃபிர்மேன் தீதோ என்பவர் கோத்த எழுத்துகளைக் கொண்டு ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உலோகத் தகடாக வார்த்து அச்சிடும் முறையைப் பயன்படுத்தி, அதற்கு இப்பெயரை வழங்கினார். தனித்தனி எழுத்தாகக் கோத்த பக்கத்தில் பிழை இருந்தால் அவ்வெழுத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். தகடாக வார்த்த பின்னரோ, திருத்த வேண்டுமானால் தகட்டையே வெட்டியாக வேண்டும். ஆயிரம் படிகள் எடுத்தாலும் அதே பிழை ஆயிரம் முறை வரும். 1922-ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் வால்டர் லிப்மன் பொதுமக்கள் கருத்தைப் பற்றி எழுதிய நூலில் இச்சொல்லை மனித மனத்துக்குப் பொருத்திக் காட்டினார். கண்டு அறிந்து பின்னர் முடிவு செய்வதை விடுத்து, முடிவு செய்துகொண்டு பின்னர் காண்பதே பெரும்பாலும் நம் வழக்கமாக உள்ளது என்பது அவர் கண்ட உண்மை. இத்தகைய கருத்தை நாம் 'வார்ப்பு' என்றே அழைப்போம்.

உலகில் பெண்களைப் பற்றி வழங்கும் வார்ப்புகளுள் மிகப் புகழ் பெற்றது 'பாரிஸ் நங்கை' என்பதாகும். மெல்லிய உடல், குறையாத ஒப்பனை, எதை உடுத்தாலும் எடுப்பாய் அமையும் இயல்பு, சற்றே அலட்சியமான நடை ஆகியவற்றைக் கொண்டவள் பிரெஞ்சுப் பெண் என்று கதைகளும் விளம்பரங்களும் திரைப்படங்களும் ஓயாமல் கூறிவருகின்றன. இவ்வழகி எங்கே பிறந்தாள், யாரால் வார்க்கப்பட்டாள், அவளுடைய நிழலில் யார் மறைந்துபோயினர் என்பவற்றை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் பிறப்பைக் காண்போம். இவ்வழகியின் தொட்டில் வணிகமே ஆகும். பதினேழாம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னரின் நிதியமைச்சராக விளங்கிய கொல்பேர், லியோன் நகரத்துப் பட்டு முதலிய உயர்தரப் பொருள்களின் உற்பத்தியை அரசின் ஆதரவோடு வளர்த்தார். அணியும் பொருளை அயல்நாட்டார்க்கு விற்க வேண்டுமானால், அதனை அணிவோரின் புகழையும் உடன் அனுப்ப வேண்டும் அன்றோ? 1672-இல் தொடங்கிய 'மெர்க்கூர் கலான்' என்னும் இதழ் அரண்மனையின் உடைப் புதுமைகளை ஊரறியச் செய்தது. பாரிஸில் தைத்த உடையை அணிவித்த பொம்மைகள் ஐரோப்பிய அரசவைகளுக்கு அனுப்பப்பட்டன. அப்பொம்மையைப் பார்த்து இலண்டனிலும் வியன்னாவிலும் இருந்த சீமாட்டிகள் தமக்கு உடை தைத்துக்கொண்டனர். பிரெஞ்சுப் பெண்ணை நேரில் காணுமுன்பே அவளுடைய பொம்மையை உலகம் கண்டது. வார்ப்பு முதலில் வந்தது. மனிதர் பின்னரே வந்தனர்.

இனி, அவ்வழகியின் உடையைச் சற்று அவிழ்த்து ஆராய்வோம். அஃது எந்நாட்டுத் துணி? இங்குதான் நம் சோழமண்டலக் கரை வரலாற்றில் நுழைகிறது. பதினேழாம் நூற்றாண்டில் நம் கரையிலிருந்து சென்ற வண்ணமெழுதிய பருத்தித் துணிகள் பிரெஞ்சு மகளிரின் உள்ளத்தைக் கவர்ந்தன. சாயவேரின் சிவப்பு படிகாரத்தாலும் கடுக்காயாலும் துணியில் ஊன்றி நின்றது; அதுவும் அவுரியின் நீலமும் துவைத்தாலும் போகவில்லை. ஐரோப்பியச் சாயக்காரர்கள் அந்நாளில் பருத்தியில் இத்தகைய நிறத்தை ஏற்ற அறியார். 'இந்தியென்' என்றே இத்துணிக்குப் பெயர் வழங்கியது. தம் வாணிகம் கெடுவதைக் கண்ட பட்டு நெசவாளரும் கம்பளி நெசவாளரும் முறையிட, 1686-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு இத்துணியைத் தடை செய்தது. நாட்டில் இதனைப் போன்று அச்சிடுவதும் தடை செய்யப்பட்டது. நாளடைவில் அணிவதும் குற்றமாயிற்று. தெருவில் அணிந்து சென்ற பெண்களின் ஆடை பறிக்கப்பட்டதும் தண்டம் விதிக்கப்பட்டதும் உண்டு. ஆயினும் பெண்கள் விடவில்லை. பதினைந்தாம் லூயி மன்னரின் அன்புக்குரிய பொம்பதூர் சீமாட்டி தம் மாளிகையிலேயே இத்துணியைப் பயன்படுத்தினார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த தடை 1759-இல் நீங்கியது.

இதற்கிடையே, நம் கரையில் வாழ்ந்த கேர்தூ என்னும் இயேசு சபைத் துறவி, இங்குள்ள கைவினைஞரிடம் கேட்டறிந்த சாயமுறையை 1742-இல் கடிதமாகப் பிரான்சுக்கு எழுதி அனுப்பினார். தடை நீங்கிய மறு ஆண்டே பாரிஸுக்கு அருகில் ழூயி என்னும் ஊரில் ஓபர்காம்ப் என்பவர் அச்சுத் துணி ஆலையைத் தொடங்கினார். அவரோ ஜெர்மானிய நாட்டிற் பிறந்தவர். அவ்வூர்த் துணியைத்தான் பிரெஞ்சு இரசனைக்கு எடுத்துக்காட்டாக இன்றும் உலகம் போற்றுகிறது.

துணி இவ்வாறு இருக்க, தைத்தவர் யார், அணிந்தவர் யார் என்று பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடையழகின் உச்சியில் வைத்து எண்ணப்பட்ட மரி அந்துவானெத் அரசியார் ஆஸ்திரிய நாட்டுப் பெண்மணி. அவருக்கு உடையமைத்த ரோஸ் பெர்த்தின் பிரெஞ்சுப் பெண்ணே. ஆயினும், பாரிஸில் அவர் நடத்திய கடைக்கு வைத்த பெயர் 'பெரிய மொகலாயர்' என்பதாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியனின் மனைவியாகி உலகத்து உடைப் போக்கை ஆண்ட யூஜெனி பேரரசியார் ஸ்பெயின் நாட்டுக் கிரனாடாவில் பிறந்தவர். பாரிஸின் உயர்தரத் தையற்கலைக்குத் தந்தை எனப் போற்றப்படுபவர் சார்லஸ் பிரெடரிக் வொர்த். 1858-இல் பாரிஸில் தம் தொழிற்சாலையைத் தொடங்கிய அவர் இங்கிலாந்தில் லிங்கன்ஷயரைச் சேர்ந்தவர். இருபதாம் நூற்றாண்டில் புகழ் பெற்ற ஸ்கியாபரெல்லி அம்மையார் ரோமாபுரியில் பிறந்தவர். பலென்சியாகா ஸ்பெயினிலிருந்து வந்தவர். 1947-இல் கிறிஸ்தியான் தியோர் வெளியிட்ட புதிய உடையமைப்பு உலகெங்கும் பேசப்பட்டது. அதற்கு 'நியூ லுக்' என்ற பெயர் நிலைத்ததோ ஓர் அமெரிக்க இதழாசிரியையின் வாய்மொழியால். அந்நிறுவனம் 2023 மார்ச்சு 30-இல் மும்பையின் இந்திய நுழைவாயிலின் முன் தன் உடைக்காட்சியை நடத்தி, தான் கையாளும் பூவேலைக்கு அந்நகரத்துக் கைவினைஞர்களிடம் பட்டுள்ள கடனை உலகறிய ஒப்புக்கொண்டது.

இவற்றால் பெறப்படுவது யாது? பாரிஸின் பெருமை பொய் என்பதன்று. பல நாட்டுப் பொருளும் பல நாட்டுத் திறனும் வந்து கூடுதற்குரிய சந்தையாகவும் பட்டறையாகவும் அந்நகரம் விளங்கியது. அதுவே அதன் உண்மையான பெருமை. அதனை மறைத்துவிட்டு, 'பிரெஞ்சுப் பெண்ணின் இரத்தத்திலேயே ஒயில் ஓடுகிறது' என்று கூறுவதுதான் பொய். பலருடைய உழைப்பை ஒருத்தியின் பிறவிக்குணமாக ஆக்கிவிடுவது வார்ப்பின் முதல் குற்றம்.

இயற்கை என்று நாம் கருதுவது எவ்வளவு எளிதில் மாறக்கூடியது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். பிரான்சும் இங்கிலாந்தும் நெப்போலியன் காலத்தில் பல்லாண்டு போரிட்டன. போக்குவரவு அருகியது, உடைச் செய்தியும் தடைப்பட்டது. 1814-இல் நெப்போலியன் முடி துறந்ததும் ஆங்கிலேயர் கூட்டம் கூட்டமாகப் பாரிஸுக்குச் சென்றனர். அப்போதுதான் இரு நாட்டுப் பெண்களின் உடையும் வேறு வேறு வழியில் சென்றிருந்தது தெரியவந்தது. பிரெஞ்சுப் பெண்களின் உடையில் இடைக்கோடு மார்புக்கு அருகே உயர்ந்து நின்றது. ஆங்கிலப் பெண்களின் உடையில் அது தாழ்ந்திருந்தது. பிரெஞ்சுக் கேலிச் சித்திரக்காரர்கள் ஆங்கிலப் பெண்ணை அழகுணர்ச்சி அற்றவளாகவே வரைந்து தள்ளினர். சிறிது காலத்திற்குள் ஆங்கிலப் பெண்கள் தம் இடைக்கோட்டை உயர்த்திக்கொண்டனர். இடைக்கோடு உயர்ந்துவிட்டது, 'ஆங்கிலப் பெண்ணுக்கு உடுத்தத் தெரியாது' என்ற வார்ப்பு மட்டும் நெடுங்காலம் மறையவில்லை. காரணம் நீங்கினாலும் கருத்து நீங்குவதில்லை என்பதை இங்கே காண்கிறோம்.

1900-ஆம் ஆண்டில் பாரிஸில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் இவ்வழகி சிலையாகவே எழுந்தாள். ஐந்து கோடி மக்கள் வந்து கண்ட அப்பொருட்காட்சியின் பெருவாயிலின் உச்சியில் 'பாரிஸ் நங்கை' என்னும் பெயருடன் ஒரு பெண்ணின் பேருருவம் நிறுத்தப்பட்டது. அதனைச் செய்தவர் மொரோ வோத்தியே என்னும் சிற்பி. அதன் உடையை அமைத்தவர் அக்காலத்துப் புகழ் பெற்ற தையற்கலைஞரான ழான் பக்கேன் அம்மையார். பொதுவாக இத்தகைய இடங்களில் நீதியையோ விடுதலையையோ பெண்ணுருவாக்கி, பழைய கிரேக்கப் போர்வையை அணிவித்து நிறுத்துவது வழக்கம். இங்கோ, அக்காலத்து நாகரிக உடையணிந்த பெண் ஒருத்தி நாட்டின் அடையாளமாக நின்றாள். பலர் நகைத்தனர், பொருட்காட்சி முடிந்ததும் சிலை மறைந்தது. ஆனால் அது நினைப்பூட்டும் உண்மை மறையத்தக்கது அன்று. நாட்டின் வாயிலில் அத்தனை உயரத்தில் நிறுத்தப்பட்ட அப்பெண்ணுக்கு, அந்நாட்டில் அன்று என்ன உரிமை இருந்தது?

வாக்குரிமை இல்லை. பிரெஞ்சுப் பெண்கள் அவ்வுரிமையை 1944 ஏப்ரல் 21-இல் பெற்று, 1945 ஏப்ரல் 29-இல்தான் முதன்முதலாக வாக்களித்தனர். நம் சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதியுடைய பெண்கள் 1921-லேயே வாக்குரிமை எய்தினர் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மணமான பெண் கணவனுக்குக் கீழ்ப்படிதல் கடன் என்று 1804-இல் நெப்போலியன் வகுத்த சட்டம் கூறியது. கணவனின் இசைவின்றித் தொழில் மேற்கொள்ளவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் பிரெஞ்சு மனைவிக்கு முழு உரிமை கிடைத்தது 1965 ஜூலை 13-ஆம் நாள் சட்டத்தால்தான். அழகின் அரசி என்று உலகம் போற்றிய காலமெல்லாம் அவள் தன் பணப்பைக்குத் தானே அரசியாக இருக்கவில்லை.

உடையிலேனும் அவளுக்கு உரிமை இருந்ததோ என்றால், அதுவும் இல்லை. 1800 நவம்பரில் பாரிஸ் காவல்துறைத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆண்களைப் போல் உடுக்க விரும்பும் பெண் காவல் அலுவலகத்துக்குச் சென்று அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்பது அவ்வாணை. உடல்நலம் கருதியே அச்சீட்டு வழங்கப்படும். மருத்துவரின் சான்றும் வேண்டும். விலங்குகளை ஓவியமாகத் தீட்டுவதில் இணையற்றவரான ரோசா போன்னர் அம்மையார், குதிரைச் சந்தைக்கும் இறைச்சிக் கூடத்துக்கும் சென்று வரைய வேண்டியிருந்தது. சேற்றிலும் இரத்தத்திலும் நீண்ட பாவாடையுடன் எவ்வாறு நடப்பது? ஆகவே கால்சட்டை அணிவதற்குச் சீட்டு வாங்கினார். 1857-இல் அவருக்கு அளித்த சீட்டு இன்றும் இருக்கிறது. ஆறு திங்களுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். பின்னர், 1892-இலும் 1909-இலும் மிதிவண்டியின் கைப்பிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருக்கும் பெண் கால்சட்டை அணியலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. அவ்வாணை நாளடைவில் வழக்கற்றுப் போயிற்று. எனினும், அது செல்லாது என்று அரசு முறைப்படி அறிவித்தது 2013 ஜனவரி 31-ஆம் நாளில்தான்.

அடுத்து, இவ்வழகியின் நிழலில் மறைந்தவர்களைப் பற்றி ஒரு சொல். பாரிஸின் பெருந்தையற் கூடங்களில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஊசியும் நூலுமாக உழைத்தனர். நண்பகலில் சிற்றுண்டி மட்டும் உண்டு மீள்வோர் என்னும் பொருள்பட அவர்களை 'மிதினெத்' என்று அழைத்தனர். அவர்களும் பாரிஸ் நங்கையரே. ஆயினும் வார்ப்பில் அவர்கள் இடம்பெற்றால், பாட்டுக்கும் பரிகாசத்துக்கும் உரிய சிறு பெண்களாகவே இடம்பெற்றனர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 மே மாதத்தில், ஊதியக் குறைவின்றிச் சனிக்கிழமை பிற்பகல் ஓய்வும், விலைவாசிக்கேற்ற படியும் வேண்டி இவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூடத்துக்குக் கூடம் தீப்போலப் பரவி, பெண்கள் அணி அணியாகத் தெருவில் நடந்தனர். 1917 ஜூன் 11-இல் உடைத் தொழிலில் ஈடுபட்ட பெண்களுக்குச் சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு அளிக்கும் சட்டம் பிறந்தது. நாகரிகத்தின் வரலாற்றில் எந்த மேலாடைக்கும் குறையாத சிறப்பு இச்சட்டத்துக்கு உண்டு.

நாட்டுக்குள்ளேயும் வார்ப்புகள் உண்டு. பாரிஸ் நங்கைக்கு நேர்மாறாக, பிரித்தனி மாநிலத்துப் பெண்ணை மந்தபுத்தியுடைய பணிப்பெண்ணாகக் காட்டும் 'பெக்கசீன்' என்னும் சித்திரக் கதை 1905-இல் சிறுமியர் இதழ் ஒன்றில் தொடங்கியது. வறுமையால் தலைநகருக்கு வந்து வீட்டுவேலை செய்த ஆயிரமாயிரம் பிரெத்தோன் பெண்கள், அந்தப் பச்சைப் பாவாடைச் சித்திரமாகவே பார்க்கப்பட்டனர். அச்சித்திரத்தில் அப்பெண்ணுக்கு வாயே வரையப்படுவதில்லை என்று சுட்டிக்காட்டி வருந்தினர் பலர். 1939-இல் பிரெத்தோன் இளைஞர் சிலர் பாரிஸின் கிரெவின் மெழுகுச் சிலைக் கூடத்துட் புகுந்து பெக்கசீனின் உருவத்தை உடைத்தனர். உடைத்தது சரியா என்பது வேறு. புண்பட்ட நெஞ்சின் அளவு அதனால் விளங்குகிறது. ஓர் ஊர்ப் பெண்ணைப் புகழ்வதற்கு மற்றோர் ஊர்ப் பெண்ணை இகழ்வது வார்ப்பின் இரண்டாவது குற்றம்.

மூன்றாவது குற்றம், அளவுகோலை மாற்றிவிடுவது. போலந்து நாட்டிலிருந்து 1891-இல் பாரிஸுக்குப் படிக்க வந்த மரி கியூரி அம்மையார், 1895-இல் தம் திருமணத்துக்கென வெண்ணிற உடையை விரும்பவில்லை. பின்னர் ஆய்வுக்கூடத்திலும் அணியத்தக்க கருநீல உடையையே தேர்ந்தார். 1903-இலும் 1911-இலும் நோபல் பரிசு பெற்ற அவரை, 1911-இல் பிரெஞ்சு அறிவியற் கழகம் தன் உறுப்பினராக்க மறுத்தது. ஒரு பெண் அக்கழகத்தின் முழு உறுப்பினரானது 1979-இல்தான். பெண்ணின் ஒயிலைப் பாராட்டுவதில் தயங்காத நாடு, பெண்ணின் அறிவுக்கு இருக்கை தருவதில் இத்துணைக் காலம் தயங்கிற்று. தோற்றத்தைக் கொண்டு அளக்கும் பழக்கம் புகழ்மொழியின் வடிவில் வந்தாலும் தீங்கே செய்யும். 'நீ அழகாயிருப்பது உன் நாட்டின் கடமை' என்று சொல்லும்போது, அழகாயிருக்க இயலாதவளுக்கும் விரும்பாதவளுக்கும் அந்நாட்டில் இடம் சுருங்கிவிடுகிறது.

நண்பர்களே, இஃது ஏதோ அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டா. இந்தியப் பெண் என்றால் பட்டுப்புடவை, நெற்றிப்பொட்டு, குனிந்த தலை என்று எழுதும் அயல்நாட்டு ஏடுகள் உள்ளன. நம்முள்ளும், அண்டை மாநிலத்துப் பெண்ணின் நிறத்தையும் உடையையும் பற்றி ஒரே சொல்லில் முடிவு கூறுவோர் பலர் உளர். கல்லூரிக்குப் புதிதாக வரும் வேற்று மாநில மாணவி வாய் திறக்குமுன்பே அவளைப் பற்றிய தகடு நம் மனத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. அவள் என்ன பேசினாலும் அத்தகட்டின் படியே நமக்குப் பதிவாகிறது.

ஆகவே, ஒரு நாட்டுப் பெண்களைப் பற்றி ஒரே தொடரில் அமைந்த கருத்து உங்கள் செவியில் விழும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனை வார்த்தவர் யார்? இதனால் விற்கப்படுவது யாது? இதில் இடம்பெறாமல் விடப்பட்டவர் எவர்? பாரிஸ் நங்கையைப் பற்றி இம்மூன்றையும் கேட்டதால்தான் சோழமண்டலத்துச் சாயக்காரரும், லிங்கன்ஷயர்த் தையற்காரரும், வேலைநிறுத்தம் செய்த ஊசிப் பெண்களும், சீட்டுக்காகக் காத்து நின்ற ஓவியரும் நம் கண்முன் வந்தனர். அவர்கள் வந்தபின் பாரிஸ் சிறுமையுற்றதோ? இல்லை, முன்னினும் பெரிதாகவே காட்சியளிக்கிறது.

அழகை வியப்பது குற்றம் அன்று. உடையில் கலை காண்பதும் குற்றம் அன்று. கண்ணெதிரே நிற்கும் மனிதரைக் காணாமல், மனத்திலுள்ள தகட்டை மட்டும் காண்பதே குற்றம். வார்த்த தகட்டில் ஓர் எழுத்தைத் திருத்துவது அரிது என்று தொடக்கத்தில் கூறினேன். ஆனால், அச்சாளர்கள் அறிந்த மற்றோர் உண்மையும் உண்டு: தேய்ந்த தகட்டை உருக்கிவிடலாம். அதற்கு வேண்டிய வெப்பம் கல்வியிலிருந்து வருகிறது. இளைஞராகிய உங்களிடத்தில் அதற்குக் குறைவில்லை.